நாசிலை மாத்தியாச்சு, புகை மாறல

டீசல் இன்ஜின் கருப்பாகப் புகை தள்ளினால் ஊரில் எல்லாருக்கும் வைத்தியம் தெரிந்திருக்கிறது. ‘நாசில் போயிருச்சு, மாத்து’ என்பார்கள். நாசில் என்றால் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற முனை. புதுசு போட்டும் புகை நிற்கவில்லை என்றால், ‘அப்ப பிஸ்டன் ரிங்கு போயிருச்சு.’ அதையும் மாற்றி நிற்கவில்லை என்றால், ‘எடைக்குப் போடு.’ நாசிலில் தொடங்கி பழைய இரும்புக்கடையில் முடியும் இந்தப் பாதையில் ஓர் இடத்திலாவது யாராவது எதையாவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டால் பதில் வராது. கழற்றினோம், மாட்டினோம், காசு கொடுத்தோம், அவ்வளவுதான். போன தையில் எங்கள் கீழ்வயல் பம்ப்செட் இன்ஜின் இந்தப் பாதையில் பாதி தூரம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவந்த கதையைவிட, திருப்பியபோது மனதில் விழுந்த ஒரு கேள்விதான் இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். கள்ளந்திரிக்கு அங்கிட்டு இருபோகம், இங்கிட்டு ஒருபோகம் என்பது பெரியாறு கால்வாய்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஒரு போகத்திலும் கடைசியில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் மடைக்கு முறை வந்து சேரும்வரை பயிர் காத்திருக்காது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் இரண்டு நனைப்பு கிணற்றிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். இலவச கரண்ட் இருக்கும்போது டீசல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மேல்வயலில் மோட்டார் இருக்கிறது. கீழ்வயல் கிணறு பங்காளிகள் நான்கு வீட்டுக்குப் பொது. இணைப்பை யார் பெயரில் எழுதிப் போடுவது என்ற பேச்சு என் தாத்தா காலத்தில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஆகவே அங்கே ஐந்து குதிரைத்திறன் கிர்லோஸ்கர்தான், நிமிஷத்துக்கு 1500 சுற்று, ஒற்றைச் சிலிண்டர். கமலையை நிறுத்திவிட்டு மாடுகளை விற்ற காசோடு கடனும் வாங்கித் தாத்தா எடுத்தது. இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும். வேண்டும்போது கண்மாய்க்கரைக்கும் போய்வரும்.

முதலில் காலையில் பிடிக்க மறுத்தது. சிலிண்டர் அழுத்தத்தை விடுவித்துச் சுற்றுவதை லேசாக்குகிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினால், பழைய ஆள்கள் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவை டீசல் பாயும்போதும் நாசில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். சித்தப்பா அதை ‘நாசில் கத்துதா?’ என்று கேட்பார். கத்தவில்லை. பிறகு கருப்புப் புகை. பிறகு உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற அடி. கடைசியாக, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு கூடிக்கொண்டே இருந்தது. “ஊத்தாமலே கூடுதுடா, லாபந்தானே” என்றார் சித்தப்பா. அவர் சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் இருந்ததிலேயே மோசமான அறிகுறி. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாக அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் அடுத்து பேரிங் போகும்.

ஊர் மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர், கூப்பிட்ட குரலுக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து புது நாசிலை எடுத்தார், வேப்ப மரத்தடியில் நாசிலைத் தாங்கும் ஹோல்டரைக் கழற்றினார், பனியன் வேஸ்ட்டால் துடைத்தார், மாட்டினார். ஒரு நாள் புகை கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. மறுநாள் முன்னைவிட அதிகம். இன்னொரு நாசில் வந்தது. அதுவும் அப்படியே. பிறகு வழக்கப்படி ரிங்கு பேச்சு வந்தது, அதற்குப் பிறகு எடைக்குப் போடுகிற பேச்சு. புதிதாக வந்திருக்கிற, தோளில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன இன்ஜின்களின் விலையைச் சித்தப்பா விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மதுரையில் கணக்கு எழுதுகிற வேலை. வரவுக்கும் செலவுக்கும் இடையில் ஒரு ரசீது வேண்டும் என்று பழகிய புத்தி. ‘போயிருச்சு’ என்று சொல்கிறவர்களிடம் ரசீது எங்கே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. ஹோல்டரோடு நாசிலைக் கழற்றிச் சுத்தமான துண்டில் சுற்றி, டூல்ஸ் பெட்டியின் அடியில் கிடந்த பழைய நாசிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

200 பார்

இந்தச் சின்ன சாமானிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், 1500 சுற்று என்றால் நிமிஷத்துக்கு 750 தடவை டீசல் பாய்கிறது, மணிக்கு 45,000 தடவை. முழுப் பாரத்தில் எங்கள் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். வகுத்துப் பாருங்கள்: ஒரு தடவைக்கு ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், மூன்று நுண்துளை வழியாக, பனியாகச் சிதறிப் போக வேண்டும். பனியாகப் போனால் எரியும். சொட்டாகப் போனால் பாதி எரிந்து கரியாகும், மீதி சம்ப்புக்கு இறங்கும். இதற்கு வேண்டிய அழுத்தம் இந்த மாதிரி இன்ஜினில் ஏறத்தாழ 200 பார். பைக் டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல நூறு மடங்கு.

நாசிலுக்குள் ஓர் ஊசி இருக்கிறது. ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அந்த ஊசியை அழுத்தி மூடிவைத்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசலின் அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயித்தால் ஊசி தூக்கும், பாய்ச்சல் நடக்கும், அழுத்தம் இறங்கியதும் ‘டப்’ என்று மூடும். ஆக எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஹோல்டரின் ஸ்பிரிங்தான். நாசிலுக்கு அதில் பங்கு குறைவு. ஊசிக்கும் அது ஓடுகிற கூட்டுக்கும் இடையே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான். ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போட முடியாது. அந்த இடைவெளிக்கு எண்ணெய் போடுவதும் டீசல்தான், தனியாக மசகு கிடையாது. அதனால்தான் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் ஊசி தேய்கிறது. நீல நிற ரேஷன் மண்ணெண்ணெய் எத்தனை பம்ப்செட்டுக்குள் போயிருக்கிறது என்று கணக்கெடுத்தால் மாவட்டமே தலைகுனிய வேண்டியிருக்கும். சித்தப்பாவும் அந்தக் காலத்தில் விதிவிலக்கில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டியே காட்டினார்கள் என்று நான் சொன்னதற்கு, “அவன் கண்காட்சிக்கு ஓட்டுனான், நான் கதிருக்கு ஓட்டுறேன்” என்றார். அதுவும் சரிதான். தாவர எண்ணெய் ஓடும், ஆனால் கெட்டியானது. நாசில் முனையில் கரி கட்டும்.

ருடால்ஃப் டீசல் 1897-ல் இன்ஜினை ஓட்டிக்காட்டியபோது இந்த மாதிரி பம்ப் கிடையாது. அழுத்திய காற்றால் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளினார். அந்தக் காற்றுக்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். பாஷ் கம்பெனி 1927-ல் இன்ஜெக்‌ஷன் பம்பை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் இன்ஜின் வண்டிகளில் பரவலாக ஏற ஆரம்பித்தது. 1951-ல் பெங்களூரில் பாஷ் கூட்டில் மைக்கோ என்ற கம்பெனி வந்தது. 2008-ல் கம்பெனி பெயரே பாஷ் என்று மாறிவிட்டது, ஆனாலும் நம் பக்கத்துப் பழைய மெக்கானிக் வாயில் அது இன்னும் மைக்கோதான்.

கைப்பிடி டெஸ்டர்

நான் போன கடை வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பக்கம் டீசல் வாசனை, உள்ளே எதிர்பார்க்காத சுத்தம். தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். மேசையில் ஒரு துணிகூட இல்லை. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். துண்டைப் பிரித்ததும் முகம் சுளித்தார்.

“பனியன் வேஸ்ட்டுல துடைச்சீங்களா தம்பி?”

“நான் இல்லண்ணே, ஊர்ல மெக்கானிக்.”

“நூல் விடும். இதுக்குள்ள ஒரு நூல் போனா நாசிலு அம்புட்டுத்தான்.”

வேறொன்றும் சொல்லாமல் ஹோல்டரை அப்படியே டெஸ்டரில் மாட்டினார். அது பெரிய யந்திரம் இல்லை. ஒரு சின்ன டப்பாவில் டெஸ்ட் ஆயில், ஒரு கைப்பிடி, ஒரு அழுத்தமானி, ஹை பிரஷர் பைப் ஒன்று. கைப்பிடியை நாலைந்து தடவை வேகமாக அடித்துக் காற்றை வெளியேற்றினார். பிறகு பைய அழுத்தினார். முள் ஏறியது. 100. 120. 140-ஐத் தொட்டதுமே நாசில் முனையிலிருந்து ஒரு நூல் போல ஆயில் வழிந்தது. பனியும் இல்லை, சத்தமும் இல்லை. முனையில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. நான் அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். “கைய எடுங்க!” என்று அதட்டினார். அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. சரியாக வேலை செய்கிற நாசிலின் பாய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகும். அப்படி ஏதாவது ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ‘அழுத்தத்தில் டீசல் பாய்ந்தது’ என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்ல வேண்டும்.

“இது புது நாசில்தான?” என்றார். ஆமாம் என்றேன். “நாசில் புதுசு. ஸ்பிரிங் உங்க தாத்தா வாங்குனதுல்ல?” ஹோல்டரின் மேல்மூடியைக் கழற்றி அழுத்தம் வைக்கிற ஸ்குரூவைக் காட்டினார். சில ஹோல்டரில் ஸ்குரூவுக்குப் பதில் ஷிம் என்கிற மெல்லிய தகடு இருக்குமாம். எங்களுடையதில் ஸ்குரூ. அதை இறுக்கினார். முள் இப்போது 200 வரை ஏறியது, பாய்ச்சலும் வந்தது. ஆனால் மூன்று விசிறியில் ஒன்று மட்டும் நொண்டியது, முனையும் நனைந்தே இருந்தது. உடனே நாசிலைக் கழற்றினார். சுத்தமான டீசல் கிண்ணத்துக்குள்ளேயே வைத்து ஊசியை உருவினார். விளக்குக்கு நேரே பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கிண்ணத்தில் அலசி, நுண்துளைக்கு மெல்லிய கம்பி விட்டு, மறுபடி அலசினார். பிறகு ஊசியைக் கூட்டுக்குள் விட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, சாய்த்துப் பிடித்துக்கொண்டு விட்டார். யாரும் தள்ளாமல், தன் எடையிலேயே, அவசரமில்லாமல் ஊசி உள்ளே வழுக்கிப் போனது. “இப்படி இறங்கணும். தடதடன்னு விழுந்தா தேஞ்சது. நடுவுல நின்னா அழுக்கு.”

மறுபடி டெஸ்டர். கைப்பிடியை அழுத்தினார். முள் 200-ஐத் தொட்டது. ‘ட்ர்ர்ர்க்’ என்று ஒரு கரகரப்பு. மூன்று விசிறியும் ஒரே மாதிரி, வெளிச்சத்தில் புகை போல விரிந்து அடங்கின. அடுத்து, திறக்கிற அழுத்தத்துக்கு 20 பார் கீழே முள்ளை நிறுத்திக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணினார். முனை காய்ந்தே இருந்தது. இதைத்தான் நான் ரசீது என்கிறேன்.

பையிலிருந்து பழைய நாசிலை எடுத்து நீட்டினேன், மெக்கானிக் முதலில் கழற்றிப் போட்டதை. அதையும் அலசி அதே ஹோல்டரில் மாட்டினார். கரகரப்பு வந்தது. விசிறியும் வந்தது. பத்து எண்ணும்போது மட்டும் முனையில் லேசாக ஈரம் படர்ந்தது, ஆனால் சொட்டாகத் திரளவில்லை. “ஒரு போகம் ஓட்டலாம். ஸ்பேரா வச்சுக்கங்க” என்றார். அதாவது, ‘போயிருச்சு’ என்று முதலில் தூக்கிப் போட்ட சாமான் அநேகமாகப் போகவே இல்லை. ஸ்பிரிங் தளர்ந்ததற்கு நாசிலை மாற்றியிருக்கிறோம். புது நாசிலும், தளர்ந்த ஸ்பிரிங்கும், ஒரு நூலும் சேர்ந்து நிலைமையை இன்னும் கெடுத்திருக்கின்றன. ஊரில் எத்தனை நல்ல நாசில் இப்படி எடைக்குப் போயிருக்கும் என்று அப்போதே கோபம் கோபமாக வந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் குறுக்கிட்டார்.

பாம்பன்காரர்

அவர் கடற்கரையிலிருந்து வந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் விசைப்படகு இன்ஜினின் நாசில் ஹோல்டர்கள் வரிசையாக. “நாங்கல்லாம் சோதிச்சுப் பாத்து ஒன்னு ஒன்னா மாத்துறது இல்லண்ணே. ஒன்னு போனா மொத்தத்தையும் மாத்திருவோம்” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் படகைக் கரையேற்றி இன்ஜினை முழுக்கப் பார்த்துவிடுவார்கள், நாசில் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவார்கள். அவருடையது சீசன் நடுவில் கோளாறு கொடுத்துவிட்டதால் பஸ் பிடித்து வந்திருக்கிறார். “உங்க இன்ஜின் நின்னா நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். எங்களுக்கு நின்னா காத்து எங்கிட்டுத் தள்ளுதோ அங்கிட்டுப் போகணும். அந்தப் பக்கம் எல்லை இருக்கு.” எந்த எல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சற்று முன்வரை உறுதியாக இருந்த என் நியாயம் அங்கே ஆட்டம் கண்டது. நல்ல நாசிலைத் தூக்கிப் போடுவது வீண் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல நாசிலை வேண்டுமென்றே மாற்றுகிற ஒருவர் என் எதிரில் இருந்தார், அவர் சொல்வது பிசகு என்று சொல்ல என்னிடம் வாதம் இல்லை. அவர் விலை கொடுப்பது நாசிலுக்கு இல்லை, நடுக்கடலில் நிற்காமல் இருப்பதற்கு. அப்படியென்றால் எங்கள் ஊர் மெக்கானிக் செய்ததும் அதேதானே? பயிர் காய்கிறது, சோதிக்க நேரமில்லை, மாற்றிப் பார்ப்போம் என்றுதானே செய்தார்? பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன், கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். பாம்பன்காரரின் பையில் இருந்தவற்றில் பாதிக்குமேல் அப்போதுதான் பிரித்த புது நாசில்கள். அவற்றையும் கடைக்காரர் ஒவ்வொன்றாக டெஸ்டரில் ஏற்றினார். ஒவ்வொரு ஹோல்டருக்கும் ஸ்குரூவைத் தொட்டு, எல்லாம் ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி வைத்தார். ஒரு சிலிண்டர் 180-லும் இன்னொன்று 200-லும் திறந்தால் படகு இன்ஜின் நடுங்கும் என்றார். ஆக மொத்தமாக மாற்றுகிறவரும் சோதிக்காமல் மாற்றுவதில்லை. சோதனைக் கூலி நாசில் விலையில் ஒரு சின்னப் பங்குதான். எங்கள் பக்கத்தில் விட்டுப்போனது அதுதான். மாற்றலாமா வேண்டாமா என்று நான் போட்டுக்கொண்டிருந்த சண்டை வேறெங்கோ நடந்துகொண்டிருந்திருக்கிறது. இருந்தாலும் மேலூரிலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு பகல் போகும், அந்த ஒரு பகலுக்குக் கதிர் பொறுக்குமா என்று ஒரு விவசாயி கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்த டெஸ்டர் ஒவ்வொரு பிர்க்காவிலும் ஒன்று இருக்க வேண்டிய சாமான். உழவு வண்டிகளுக்கும் அதுவே போதும்.

கிளம்பும்போது கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். “பழைய செப்பு வாஷர் வெளிய வந்துச்சா?” நாசிலுக்கு அடியில் அழுத்தம் கசியாமல் இருக்கப் போடுகிற வளையம் அது. எனக்குத் தெரியவில்லை. “போய் டார்ச் அடிச்சுப் பாருங்க.”

பார்த்தோம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் நாசில் உட்காருகிற குழியின் அடியில், கரி பிடித்து, ஹெட்டோடு ஹெட்டாக ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயேதான் புது வாஷரைப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாஷர் கனத்துக்கு நாசில் முனை மேலே ஏறி நின்றிருக்கிறது. பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்துக்குள் போக வேண்டிய பாய்ச்சல் அதன் விளிம்பில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சித்தப்பா ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கூராக்கி, வாஷரின் ஓட்டைக்குள் இறுக்கித் திருகி இழுத்தார். முரண்டு பிடித்துத்தான் வந்தது. நாசில் இல்லாமலே ஹேண்டில் போட்டு நாலு சுற்றுச் சுற்றினோம், உள்ளே உதிர்ந்த கரியெல்லாம் குழி வழியாக வெளியே பறந்தது. புது வாஷர் ஒன்று மட்டும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். ஒருபக்கமாக முடுக்கினால் சாய்ந்து உட்காரும், அந்தப் பக்கமாகவே அழுத்தம் கசியும். ஆயிலை மொத்தமாக வடித்துப் புதிது ஊற்றினோம். வடித்தது தண்ணீராக ஓடியது, டீசல் நாற்றம். ஃபில்டர் ஸ்குரூவிலும் பம்பிலும் நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை எடுத்துவிட்டு, கடைசியில் பைப்பை இறுக்கினோம். ஹேண்டிலைச் சுற்றியபோது சித்தப்பா தலையைச் சாய்த்தார். “கத்துது” என்றார்.

இன்ஜின் பிடித்தது. பாரம் ஏறும்போது லேசாகச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புகை, பிறகு அதுவும் தெரியவில்லை. இரண்டு நனைப்பும் கொடுத்தோம். சித்தப்பா சின்ன இன்ஜின் விலை கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு நாலு நாள் ஓடுகிற சாமானுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது அவர் கட்சி. பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளுகிற எலிமென்ட்டும் ஓரளவு தேய்ந்திருக்கும், அடுத்த நடவுக்கு முன் அதையும் கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பம்பைக் கழற்றும்போது அதன் அடியில் எத்தனை ஷிம் இருக்கிறது என்று எண்ணி அப்படியே ஒரு கம்பியில் கோத்து வைக்கச் சொன்னார். டீசல் பாய்கிற நேரத்தைத் தீர்மானிப்பது அந்த ஷிம்தான், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மறுபடி புகையில் வந்து நிற்போம். மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். பனியன் வேஸ்ட் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.